சம்பந்தி வீட்டு கேட்

ஐஸ் பெட்டியை வாசல்படியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது புகழேந்தியின் போன் அடித்தது. பெட்டியின் ஒரு முனையைத் தோளில் தாங்கியபடியே எடுத்தான். ஃபிளக்ஸ் கடைக்காரர்.

“சார், அப்பா பேருக்குக் கீழ என்ன போடறது?”

உள்ளே அப்பா இராஜாங்கம் பாயில் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். நாற்பது வருடம் திருத்துறைப்பூண்டி ரோட்டில் பட்டறை வைத்து இரும்பு கேட் செய்த மனிதர். அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

“தொழிலதிபர்னு போடுங்க,” என்றான் புகழேந்தி.

இது இன்று பிறந்த பொய் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன், மன்னார்குடியில் அப்பா இல்லாமல் அனுராதாவைப் பெண் பார்க்கப் போனபோது, “அப்பா ஸ்டீல் கம்பெனி நடத்துறாங்க” என்று அவள் அப்பா அமிர்தலிங்கத்திடம் சொல்லிவிட்டான். அவர் தாசில்தார், இவன் காலேஜில் வாத்தியார். பட்டறை என்ற சொல் தொண்டையோடு நின்றுவிட்டது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. அப்பாவின் கை முழுக்க வெல்டிங் பொறி சுட்ட தழும்பு. கல்யாணத்தன்று முழுக்கைச் சட்டை போடச் சொன்னான். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. சித்திரை வெயிலில், மணிக்கட்டுப் பித்தானைக் கழற்றாமல் கடைசிப் பந்தி வரைக்கும் நின்றார்.

மாமனார் வீட்டில் புகழேந்திக்கு ரொம்பப் பிடித்தது வாசல் கேட். இரண்டு கதவிலும் கீழிருந்து நெற்பயிர் கிளம்பி வரும். மேலே கதிர் முற்றி, பாரம் தாங்காமல் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கும். மற்ற வீடுகளில் ஈட்டிமுனை நிற்கிற இடத்தில் இங்கே கதிர்கள் தலைகுனிந்து நிற்கும். ஒரு மணி மாதிரி இன்னொரு மணி கிடையாது. இலைகள் ஓரம் மெலிந்து, நடுவில் நரம்போடு இருக்கும். பற்றவைத்த இடம் எது என்று தேடினாலும் அகப்படாது. சாயங்கால வெயிலில் சிமெண்டுத் தரையில் ஒரு வயலே விழுந்து கிடக்கும். யாராவது வந்தால் அவனே வாசலுக்கு அழைத்துப் போய்க் காட்டுவான்.

மூன்று வருடத்துக்கு முன் தஞ்சாவூரில் வீடு கட்டியபோது, “கேட்டு நான் செஞ்சு தர்றேம்ப்பா” என்றார் அப்பா.

புகழேந்தி போனில் அந்தப் படத்தை எடுத்து நீட்டினான். “கேட்டுன்னா இப்படி இருக்கணும்ப்பா. மாமா வீட்டுது. இந்த மாதிரி ஒங்க பட்டறையில முடியுமா?”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். 

“முடியாதுப்பா,” என்றார். “இப்ப முடியாது.”

திருச்சியிலிருந்து லேசரில் வெட்டிய கேட் வந்து இறங்கியது.

பத்து மணிக்கெல்லாம் ஃபிளக்ஸைப் பந்தல்காலில் கட்டிவிட்டார்கள். தங்கை சுடர்விழி அழுத முகத்தோடு வெளியே வந்தவள், அதன் முன்னால் நின்று படித்தாள்.

“யாருண்ணே இது?” என்றாள்.

அவன் காதில் விழாதவன் போல நகர்ந்தான். அவனுக்கு வேறு கவலை. அப்பாவோடு முப்பது வருடம் பட்டறையில் வேலை செய்த அஹமது கபீர், முன் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமனார் வருகிற நேரம். கபீர் வாயைத் திறந்தால் பட்டறைக் கதைதான் வரும்.

“கபீர் மாமா, பின்னாடி நல்ல நெழலு. அங்க உக்காருங்களேன்.”

கபீர் அவனை நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

அமிர்தலிங்கம் மாலையோடு வந்தார். பெட்டியின் மேல் மாலையைச் சாத்திவிட்டு வெகுநேரம் நின்றார். வெளியே வந்து ஃபிளக்ஸைப் படித்தார். புகழேந்தி முன் வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவரோ நேராகப் பின்வரிசைக்குப் போய்க் கபீரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கபீரு, இப்படிப் போயிட்டாரே.”

“ஆமா சார். போன வாரங்கூட ஒங்க கேட்டப் பத்திதான் பேசிட்டிருந்தாரு. கதிருக்கு மட்டும் நாப்பது நாளு. ஒவ்வொரு நெல்லையும் தனித்தனியா அடிச்சாருல்ல.”

பின்னாலேயே வந்த புகழேந்தியின் முகத்தில் ஈயாடவில்லை. அமிர்தலிங்கம் அவனைக் கண்டு, பந்தலுக்கு வெளியே அழைத்துப் போனார்.

“அந்தக் கேட்டு, நீங்க மெட்ராஸ்ல படிச்சிக்கிட்டிருந்தப்ப ஒங்க அப்பா செஞ்சது மாப்ள. நிச்சயத்துக்கு வந்தப்பவே எனக்கு ஆள் தெரிஞ்சிபோச்சு. தனியா வந்து கையப் புடிச்சிக்கிட்டாரு. ‘பையன் கம்பெனின்னு சொல்லிட்டான் சார், அது அப்படியே இருக்கட்டும். ஒங்க வாசல்ல அவன் தல நிமிந்து வரணும்’னாரு.”

“அனுவுக்கு?”

“தெரியும்.”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ஒரு வீடே அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பதினோரு வருடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் படத்தை அப்பாவிடமே நீட்டிக் கேட்ட கேள்வியை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

விறுவிறுவென்று போய் ஃபிளக்ஸின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். சுடர்விழி வந்து கையைப் பிடித்தாள்.

“இப்ப எதுக்குண்ணே. ஊரே பாத்தாச்சு.”

மூன்று மணிக்கு எடுத்தார்கள். தொழிலதிபர் என்ற எழுத்துக்குக் கீழேதான் அப்பா தெருவுக்கு வந்தார்.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு, மழித்த தலையோடு புகழேந்தி பைக்கை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போனான். எங்கே என்று அனுராதா கேட்கவில்லை.

கேட் சாத்தியிருந்தது. மாமியார் வள்ளியம்மை தாழ்வாரத்தில் இருந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

“வாங்க மாப்ள. ஏன் வெயில்ல நிக்கிறீங்க?”

“தீட்டு அத்தை. பதினாறு கழியட்டும்.”

“நமக்குள்ள என்ன தீட்டு. உள்ள வாங்க.”

பழக்கத்தில் கை தானாகக் கதிர்களுக்கு நடுவே நுழைந்து உள்தாழ்ப்பாளைத் தொட்டது. குனிந்து பார்த்தான். கேட் முழுக்க நெல்மணிகள் முனை கூராக இருந்தன. கை நுழைகிற அந்த இடத்தைச் சுற்றி மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு, எல்லா முனையையும் அப்பா அரத்தால் ராவி மழுக்கியிருந்தார். பதினோரு வருடத்தில் அவன் கையில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

“தாழ்ப்பா வரலியா மாப்ள?” என்று கேட்டுக்கொண்டே வள்ளியம்மை படியிறங்கி வந்தார். அவன் கையை வெளியே எடுக்காமல் தெருவிலேயே நின்றான்.