சத்தம் போடாத கேமரா

இரண்டு கேமராக்களையும் என் மடியில் வைத்துவிட்டு, "நீயே சொல்லு, எதைக் குடுத்துடலாம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். பிறந்ததிலிருந்தே கண் தெரியாத ஒருத்தியிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க அவர் ஒருவரால்தான் முடியும். கிண்டல் இல்லை, நிஜமாகவே என் அபிப்பிராயம் அவருக்கு வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோதும் என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னிடம்தான் கேட்டார். "எந்தக் கலரோ அடிங்க, வாடை சீக்கிரம் போறதா பாத்து வாங்குங்க" என்றேன். அப்படியே தேடி வாங்கி வந்தார். அது என்ன நிறம் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒரு மாதிரியான குரலில் விசாரிப்பதைப் பார்த்தால் கண்றாவியான நிறமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வாடை இரண்டே நாளில் போய்விட்டது.

கேமராக்கள் இரண்டுமே பழசு. இவர் கைக்கு வரும்போதே யாரோ ஆண்டு அனுபவித்தவை. ஒன்றுக்குப் பெரியவர் என்றும் இன்னொன்றுக்குச் சின்னவர் என்றும் பெயர். பெரியவரைத் தூக்கினால் மணிக்கட்டு இறங்கும். பிடிக்கிற இடத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் வயதாகித் தளர்ந்து, கட்டைவிரல் பக்கம் லேசாகத் தொங்கும். முகர்ந்தால் இவருடைய உள்ளங்கை வாசனை வரும். சின்னவர் சில்லென்று, வழவழவென்று, ஒரு கைக்குள் அடங்கிவிடுவார். அவருக்கு வாசனையே கிடையாது. பெரியவருடைய லென்ஸ் சின்னவருக்குப் பொருந்தாது, சின்னவருடையது பெரியவருக்குப் பொருந்தாது. ஒரே கூரைக்குள் இரண்டு அடுப்பு வைத்த குடும்பம் மாதிரி அவரவர் சாமான்களோடு அலமாரியில் ஒரு தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டு இப்போது குழந்தைத் துணிகளுக்கு வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து இவருடைய நண்பர் ஒருவர், பள்ளியில் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பி.டி. மாஸ்டர், ஒரு கேமரா இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

"பெரியவர் ஓடுறதைப் புடிப்பார்" என்று ஆரம்பித்தார். மரச்சாமான் கடையின் விளம்பரத்துக்குக் கட்டிலையும் பீரோவையும் படம் எடுப்பதுதான் இவருடைய உத்தியோகம். விடுமுறை நாட்களில் பிறந்தநாள் வீடுகளுக்குப் போவார். கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி பேசுவார். "பசங்க குதிக்கிறது, பந்து பறக்கிறது எல்லாம் அப்படியே நிக்கும். ஆனா வெளிச்சம் கம்மியா இருந்தா திணறுவார். சின்னவருக்கு ஜன்னல் வெளிச்சமே போதும். நம்ம கை ஆடுனாலும் அவர் சமாளிச்சுக்குவார். என்ன, ஓடுறவங்களைத் துரத்தத் தெரியாது. நம்ம வீட்லதான் இப்ப யாரும் ஓடலையே."

"ஓடத்தானே போறா."

"அப்ப பாத்துக்கலாம். முக்கியமா சின்னவர் சத்தமே போட மாட்டார். மேனேஜர் எழுந்துக்க மாட்டாங்க."

மேனேஜர் எங்கள் மகள். பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் இருக்கும் அறைக்குள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவதால் அந்தப் பெயர்.

"பெரியவரே இருக்கட்டுமே" என்றேன்.

"ஏன்?"

"அந்தச் சத்தம் எனக்குப் பழகிடுச்சு."

சிரித்துவிட்டார். பாசமான சிரிப்புதான். சத்தத்துக்காக ஒரு கேமராவை வைத்துக்கொள்வார்களா என்று என் தலையைத் தட்டிவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை வந்து பெரியவரை வாங்கிக்கொள்ளும்படி மாஸ்டரிடம் ஃபோனில் சொன்னது காதில் விழுந்தது.

அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. இவரை நான் தெரிந்துகொண்டதே பெரியவர் மூலமாகத்தான். வங்கியின் தொலைபேசி உதவிப் பிரிவில் எனக்கு வேலை. ஒருநாள் எங்களையெல்லாம் படம் எடுக்க ஒருவர் வந்தார். முதலில் லென்ஸ் 'குர்ர்' என்று முனகும். அது குறி பார்க்கிற சத்தம். தலைமுடியை ஒதுக்கிக்கொள்ள அந்த நேரம் போதும். அப்புறம் 'க்ளக்' என்று ஒரு அடி. அந்த அடியில் எவ்வளவோ விஷயம் இருக்கிறது. வெயிலில் அது ஒரே துண்டாக வந்துவிடும். வெளிச்சம் குறையக் குறைய இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு இடைவெளி விழும். வெளியே மேகம் மூடியிருக்கிறதா என்று நான் யாரையும் கேட்டதில்லை, பெரியவரே சொல்லிவிடுவார். சத்தம் கீழேயிருந்து வந்தால் இவர் மண்டியிட்டிருக்கிறார், மேலேயிருந்து வந்தால் ஸ்டூலில் ஏறியிருக்கிறார். எல்லாவற்றையும்விட, இந்த மனிதர் இந்த நிமிஷம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். கண் உள்ளவர்கள் இதை எப்படித் தெரிந்துகொள்கிறார்களோ, நான் அந்தச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறமும் அப்படித்தான்.

குழந்தை வந்ததும் வீடு மாறிப்போனது. கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். செருப்பு வாசலோடு நின்றது. ஃபோன் மணி அடிப்பதை விட்டுவிட்டு மேஜையில் உறுமத் தொடங்கியது. பூனை தோற்றுவிடும், அப்படி நடக்கப் பழகிக்கொண்டார். அத்தனையும் எங்கள் இரண்டு பேர் மேலுள்ள அக்கறை, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வராந்தாவில் இரண்டு முறை அவர் மேலேயே போய் முட்டிக்கொண்டேன், இருவரும் சிரித்தோம். ஆனால் கண் தெரிகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், என் வீட்டில் யாரோ ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பெரியவர் அலமாரிக்குப் போய்ச் சின்னவர் வெளியே வந்ததும் கேமராவும் வாயை மூடிக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி வந்தார். இவருடைய அக்கா. அவர் வந்தால் வீட்டுக்குச் சத்தம் வரும், பை ஒரு பக்கம் தொப்பென்று விழும், வளையல் ஒரு பக்கம் பேசும். அதற்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இவர் கடைக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டரில் இருந்த குழந்தைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார் அண்ணி. இதில் கொட்டாவி விடுகிறாள், இதில் யாரையோ திட்டப் போகிற முகம், மூக்கு சந்தேகமே இல்லாமல் எங்கள் வீட்டு மூக்கு. அடுத்ததில் நின்றுவிட்டார். அண்ணி பேச்சை நிறுத்துவது மின்சாரம் போவது மாதிரி, உடனே தெரிந்துவிடும்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லம்மா."

"பரவால்ல, சொல்லுங்க."

"இதுல நீ அழுதுட்டு இருக்கியே."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேனாம். மடியில் குழந்தை தூங்குகிறதாம். முடி அவிழ்ந்து கிடக்கிறது, கண்ணீர் தாடை வரைக்கும் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்று சமாதானத்துக்குச் சேர்த்துக்கொண்டார். அவர் கை என் தலைக்கு வந்தது. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று அழுதிருப்பேன் என்று நினைத்திருப்பார், பாவம். அதெல்லாம் இல்லை. தையல் போட்ட இடம் வலித்தது, பசி உயிர் போனது, குடித்த பாலையெல்லாம் மேனேஜர் என் மேலேயே கக்கியிருந்தாள். அழுவதற்கு முன்னால் நான் எப்போதும் வீட்டைக் காது கொடுத்துக் கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் யாருமில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் அழுதேன். அந்த நேரத்தில் என் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருக்கிறார்.

சாயங்காலம் அவர் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் அழுதப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

மடிக்கிற சத்தம் நின்றது. "அக்கா சொன்னாளா?"

"நீங்க சொல்லலையே."

"உள்ள வரலாம்னுதான் வந்தேன். பாப்பா அப்பதான் கண்ணை மூடுனா. கூப்பிட்டா முழிச்சுக்குவாளோன்னு வாசல்லயே நின்னுட்டேன்."

"படம் எடுக்கறதுக்கு மட்டும் பயமில்லையா?"

 துணி ஒன்றை உதறினார், மறுபடியும் உதறினார். "அழகா இருந்துச்சு" என்றார் கடைசியில். சொல்லும்போதே தப்பு என்று தெரிந்துவிட்ட குரல்.

"நான் தனியா இருக்கேன்னு நெனச்சேன்" என்றேன். அதைச் சொல்லும் வரைக்கும் எனக்குக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்ன பிறகுதான் அது கோபமில்லை என்று தெரிந்தது. அவர் இல்லாதபோது அழுதிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவர் இருந்தும் நான் தனியாக அழுதிருக்கிறேன். அதுதான் பொறுக்கவில்லை.

எழுந்து போனார். வரும்போது சின்னவரோடு வந்தார். "இதுலயும் சத்தம் வெச்சுக்கலாம். உள்ள இருக்கு, இரு" என்று எதையெதையோ தட்டினார். அது 'டிக்' என்றது. இன்னொன்று 'பிக்' என்றது. மூன்றாவது கிட்டத்தட்டப் பெரியவர் மாதிரியே இருமியது. மிமிக்ரிக்காரர் நம்ம மாமனார் குரலில் பேசுவது மாதிரி இருந்தது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. விளக்கைப் போட்டு எடுக்கச் சொன்னேன், அணைத்து எடுக்கச் சொன்னேன். இரண்டுக்கும் ஒரே இருமல்.

"இது சும்மா நடிக்குதுங்க" என்றேன்.

"அப்ப என்னதான் பண்றது?"

"ஓடுற பசங்களுக்கு எது சரி, தூங்குற குழந்தைக்கு எது சரின்னு எல்லாருக்கும் பாத்தீங்க. எனக்கு எது சரின்னு பாத்தீங்களா?"

"உன்கிட்டதானே மொதல்ல கேட்டேன்?"

"கேட்டீங்க. நானும் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

அவர் சின்னவரை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் துணி மடிக்க உட்கார்ந்தார். மாஸ்டரிடம் கொடுத்த வார்த்தை வேறு இருந்தது. வார்த்தை தவறுவது என்றால் இவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வந்துவிட்டார். மைதானத்தின் அந்த மூலைக்குக் கேட்கிற குரல் அவருக்கு. குழந்தை தூங்குகிறது என்று வாசலிலேயே இவர் சொல்லியிருப்பார் போல, அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் ரகசியம் பேசியது லாரி மெதுவாகப் பின்னால் வருவது மாதிரி இருந்தது. நான் உள்ளறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என் நெஞ்சின் மேல் மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பெரியவரை மாஸ்டர் கையில் வாங்கிப் பார்ப்பது கேட்டது. எங்கேயோ ஜன்னல் பக்கம் திருப்பி எடுத்தார். க்ளக், க்ளக், க்ளக். எல்லாம் வெயிலில் விழுந்த ஒரே துண்டுச் சத்தங்கள். நம் வீட்டுச் சத்தம் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. "பந்தை விடவே விடாது போலிருக்கே" என்று மாஸ்டர் சந்தோஷப்பட்டார். பை ஜிப் திறந்தது. பரவாயில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காவது உதவட்டும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

"ஒரு நிமிஷம் குடுங்க மாஸ்டர்" என்றார் இவர்.

வழக்கம்போல நடந்து வந்தது கேட்கவில்லை. அறை வாசலில், இடுப்பு உயரத்தில், லென்ஸ் 'குர்ர்' என்றது. என் ஒரு கை குழந்தையின் முதுகிலும் இன்னொன்று அவளுக்கு அடியிலும் இருந்தது. முடியை ஒதுக்க வழியில்லை. சரி, எடுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் 'குர்ர்'. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. ஒரு தடவை குறி பார்த்தால் போதும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லலாம். அவர் அதற்குத்தான் இடம் விட்டு நின்றுகொண்டிருந்தார்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன்.

திரை போட்டிருந்த அறை. 'க்ள' என்று திறந்து, நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் வைத்து, 'க்' என்று மூடியது. மேனேஜர் தூக்கிவாரிப்போட்டு விழித்துக்கொண்டாள். கைகள் இரண்டும் விசிறியடித்துக்கொண்டு விரிந்தன. அப்புறம்தான் அழுகை வந்தது, ஊரைக் கூட்டுகிற அழுகை. "என்ன சார், எழுப்பிட்டீங்களா?" என்று கூடத்திலிருந்து மாஸ்டர் தன் சொந்தக் குரலில் கேட்டார். அவளுடைய ஒரு கை என் கழுத்தோரத்துத் துணியைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கை எதையாவது பிடிக்கத் தேடி அந்தரத்தில் திறந்து ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்க நான் கையைக் கொண்டுபோனேன். அந்தக் குட்டி முஷ்டி அதற்குள் மூடியிருந்தது. உள்ளே ஒரு விரல் இருந்தது, பெரிய விரல், நகத்தோரம் ரப்பர் பிசுக்கு. அவர் கழுத்திலிருந்து தொங்கிய கேமரா என் முழங்காலில் உரசி உரசி ஆடிக்கொண்டிருந்தது.