தலைகீழாகத் தொங்கிய மிஷின்

ஏணியிலிருந்து விழுந்து தோள் தசை கிழிந்த பிறகு என் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கை போன தச்சனுக்கு வாய்தான் மிச்சம். அதைத்தான் ஆறு மாதமாக வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய வம்பு ரூட்டர் மிஷினோடு. மர விளிம்பில் வளைவும் பள்ளமும் எடுக்கிற கனத்த கைமிஷின் அது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து மரத்தின்மேல் நகர்த்த வேண்டும். கை நடுங்கினால் விளிம்பு எலி கொறித்த மாதிரி ஆகிவிடும். மூன்று கதவுச் சட்டம் அப்படிப் பாழானதும் எனக்கு வெறுத்துப்போயிற்று. பட்டறையையே விற்றுவிடுகிறேன் என்று பிளைவுட் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொன்னார்.

என் மனைவி தையற்காரி. பட்டறையின் ஜன்னலோரம்தான் அவளுடைய தையல் மிஷின். என் புலம்பலுக்கெல்லாம் வாயைத் திறக்காதவள் செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டாள்.

"ஏங்க, நான் துணியத்தானே ஊசிகிட்ட தள்றேன்? நீங்க எதுக்கு ஊசியத் தூக்கிட்டு அலையறீங்க?"

தையல் வேறு, தச்சு வேறு, உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இடம் போதாதென்று மேஜை ரம்பத்திலிருந்து நான் கழற்றிய இரண்டு பக்கத் தட்டுகள் சுவரோரம் துருப்பிடித்துக் கிடந்தன. வார்ப்பிரும்பு, பிணக்கனம். எதிர்க்கடை வெல்டரைக் கூப்பிட்டு, ஓடாத இழைப்பு மிஷினின் கால்கள்மேல் அவற்றை ஏற்றினாள். நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, அதில் தடித்த பலகையை இறுக்கி, பலகைக்கு அடியில் ரூட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். வெட்டும் முனை மட்டும் ஓட்டை வழியாக மேலே எட்டிப் பார்த்தது. மரம் ஒட்டி நகர ரம்பத்தின் பழைய நேர்ப்பட்டை. கீழே, குப்பையில் கிடந்த மிதி சுவிட்ச். ஒரு ஆணிகூட வெளியில் வாங்கவில்லை. இரண்டு நாள் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

வியாழக்கிழமை சுவிட்சை மிதித்தேன். முப்பது வருடப் பழக்கத்தில் மரத்தை இடமிருந்து வலமாகத் தள்ளினேன். மரம் கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. நல்லவேளை, விரல் தப்பியது. படித்துப் படித்துச் சொன்னேனே, கேட்டாயா என்று கத்தினேன்.

அவள் கொஞ்ச நேரம் முனையையே பார்த்தாள். பிறகு தைத்துக்கொண்டிருந்த சட்டையை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினாள்.

"பொரட்டிட்டா இடது கை வலது கையாயிடுது பாருங்க. மிஷினும் பொரண்டுதானே தொங்குது? அது சுத்தறதும் மாறியிருக்கும். வலப்பக்கத்துலேர்ந்து தள்ளுங்க."

வலமிருந்து மெதுவாகத் தள்ளினேன். மரம் அடங்கி ஒடுங்கி நகர்ந்தது. கட்டைவிரலால் விளிம்பை முழுக்கத் தடவினேன். ஒரு பிசிறு இல்லை. இந்த மூளையை எனக்குப் பத்தடி தள்ளி வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இவளைப் பொத்தான் தைக்கிறவள் என்றுதானே நினைத்திருந்தேன். கண் கலங்கிவிட்டது.

"நீ யாருடி?" என்றேன்.

பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே, கதவுச் சட்டம் இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது என்றாள்.

மறுநாள் கடைக்காரர் வண்டியோடு வந்து நின்றார். நான் மிதியில் கால் வைத்திருந்தேன். வலது கை வழக்கம்போல நடுங்கியது. மரம் நேராகப் போனது. அதை அவர் வாய் பிளந்து பார்த்துவிட்டு, எதை முதலில் ஏற்றலாம் என்று கேட்டார்.

"வண்டி வேணாம். கதவு எதாவது வேணும்னா அளவு குடுத்துட்டுப் போங்க" என்றேன். பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினேன். "முதலாளி அங்க இருக்காங்க."