ஒன்றாம் எண் சட்டை

"வலைய எடு பின்டன், தட்டு வைக்க இடமில்ல" என்றாள் டிம்ப்னா.

சமையலறை மேசை முழுக்கக் கோல் வலை பரந்து கிடந்தது. வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் அதன் ஓட்டைகளைப் பின்னிக்கொண்டிருந்தான் பின்டன்.

"இன்னும் ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி. கிழங்க வடிச்சுடாத, கன்னுக்குட்டியப் பாத்துட்டு வந்துடறேன்."

கிழங்கு குழைந்துபோனது. அவள் தேடிப் போனபோது தொழுவத்துப் படலில் சாய்ந்து, களைப்பாறுகிறவன் போல உட்கார்ந்திருந்தான். இதயம் நின்றிருந்தது.

டெரிலஸ்க் ஊருக்கு இருபது வருடமாக அவன்தான் கோல்கீப்பர். அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில், மாவட்ட அளவில் ஜூனியர் கோப்பைதான் ஆகக் கீழ்ப் படி. ஆள் பற்றாத சின்ன ஊர்கள் மோதிக்கொள்ளும் இடம். அந்தக் கோப்பையைக்கூட டெரிலஸ்க் ஒருமுறையும் தொட்டதில்லை. இந்த வருடம்தான் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். எதிரே ஆற்றுக்கு அக்கரை ஊரான நொக்கவல்லா.

நொக்கவல்லா டிம்ப்னா பிறந்த ஊர். "அவங்க கோலுக்குப் பின்னாடி போய் நிக்கப்போறியா?" என்று கல்யாணத்தன்றே அவளுடைய சித்தப்பா கேட்டார். அவள் போய் நின்றாள். மழையோ வெயிலோ, வலைக்குப் பின்னால் நின்று பந்தை எடுத்துப் போட்டாள். பின்டன் திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அடக்கத்தன்று சாலையின் ஒரு பக்கம் டெரிலஸ்க் ஆட்டக்காரர்கள், மறுபக்கம் நொக்கவல்லா ஆட்டக்காரர்கள், எல்லோரும் ஆட்டச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். சவப்பெட்டியின் மேல் பின்டனின் சிவப்புச் சட்டை, ஒன்றாம் எண். குழியில் இறக்குவதற்கு முன் சட்டையை எடுத்து மடித்து மனைவி கையில் கொடுப்பது வழக்கம். பாதிரியார் எடுப்பார் என்று கேப்டன் யூனன் நினைத்தான். கேப்டன் எடுப்பான் என்று பாதிரியார் நினைத்தார். பின்டன் மேலிருந்து அதை உருவுகிற கை தன் கையாக இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. பெட்டியோடு சட்டையும் இறங்கியது.

வியாழக்கிழமை யூனன் வந்து கதவருகே தயங்கி நின்றான்.

"டிம்ப்னா, அந்தச் சிவப்புச் சட்டை உன்கிட்ட இருக்கா?"

"என்கிட்ட எப்படி இருக்கும்? போட்டுக்கிட்டவன்கிட்டதான் இருக்கு."

யூனன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அட கடவுளே! நம்மகிட்ட இருந்ததே அது ஒண்ணுதானே. கோல்கீப்பர் வேற நிறம் போடலேன்னா நடுவர் உள்ளயே விட மாட்டாரு."

"போய்க் கேட்டுப் பாரு. குடுக்க மாட்டான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அடக்கத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல?"

"இல்ல யூனன். அந்த எடத்துல இன்னொருத்தன் நிக்கிறத என்னால பாக்க முடியாது."

சட்டை மண்ணுக்குள் போன செய்தி ஆற்றைத் தாண்ட அதிக நேரம் ஆகவில்லை. சனிக்கிழமை மாலாக்கி டன்னி வந்து நின்றான். நொக்கவல்லாவின் பயிற்சியாளன், அவளோடு பள்ளியில் படித்தவன். ஆடிய காலத்தில் பின்டனின் முன்பல் ஒன்றை முழங்கையால் பெயர்த்தவன்.

"பின்டன் இருந்திருந்தா மண்வெட்டியோட தொரத்தியிருப்பான்" என்றான்.

"நான் மட்டும் சும்மா விடுவேன்னு யாரு சொன்னா? உள்ள வா."

கடைப் பையிலிருந்து மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். "எங்க மாத்து கோல்கீப்பர் சட்டை. எங்க ஊர்ச் சின்னத்தப் பிரிச்செடுக்கப் பாத்தேன். துணியே கிழியும்போல இருந்துச்சு, விட்டுட்டேன்."

"மாலாக்கி, நாளைக்கு நீங்களும் ஜெயிக்கணுமே, எங்களுக்கே சட்டை தர்றியா?"

"ஜெயிப்போம். அதுக்காக உங்க ஆட்டக்காரங்க போடற பச்ச சட்டையிலயே கோல்கீப்பர நிக்கவெச்சு, நடுவர்கிட்ட அடம்பிடிச்சா ஜெயிக்கணும்? நீயே கொண்டுபோய்க் குடு. எங்க ஆளு குடுத்தா உங்க புது கோல்கீப்பர் பய வாங்க மாட்டான்."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை அவள் மைதானத்துக்குப் போனாள்.

டெரிலஸ்க்கின் மாற்று கோல்கீப்பர் கார்மக், குழாய் வேலை செய்பவன். சட்டையைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினான். "நொக்கவல்லா சட்டையா? எங்கம்மா என்ன வீட்டுக்குள்ள விட மாட்டாங்க."

"நான் அந்த ஊர்ல பொறந்தவதான். என்ன விட்டாங்கல்ல? போடு."

ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிட மௌனம். இரண்டு ஊரும் திரண்டிருந்த அந்த மைதானத்தில், கொடிக் கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பேர் சேர்ந்து மூச்சை அடக்கியதை டிம்ப்னா அதற்கு முன் கேட்டதில்லை. கால்கள் தாமாகவே அவளைக் கோலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தின. சுற்றிலும் அவள் பிறந்த ஊர்க்காரர்கள். ஒதுங்கி இடம் விட்டார்கள்.

கடைசி நிமிடம். டெரிலஸ்க் இரண்டு புள்ளி முன்னால். பந்து வலைக்குள் போனால் மூன்று புள்ளி. மேல்கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. நொக்கவல்லாக்காரன் உதைத்த பந்து மேல் மூலையை நோக்கி வந்தது. கார்மக் எழும்பினான். எழும்பினான் என்பதா, யாரோ அவனைத் தூக்கினார்கள் என்பதா, அவளுக்குத் தெரியவில்லை. விரல் நுனி பட்டது. பந்து கம்பத்துக்கு மேலே போனது. நொக்கவல்லாவுக்கு ஒரே புள்ளிதான். நடுவர் விசில் ஊதினார்; ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை டெரிலஸ்க்குக்கு.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற நொக்கவல்லாக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். "தோத்தாலும் சொல்றேன்மா," என்றார், "நம்ம சட்டைக்குள்ள இப்படி ஒருத்தன் எழும்பி நான் பாத்ததே இல்ல."

தோற்றவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கோப்பையோடு டெரிலஸ்க் ஆட்டக்காரர்கள் வெளியே வந்தபோது, அடக்கத்தன்று நின்றதுபோலவே சாலையோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். கைதட்டல் இல்லை. நின்றார்கள், அவ்வளவுதான். கார்மக் கோப்பையைத் தூக்க மறந்து, இடுப்போடு அணைத்தபடி நடந்தான்.

அடுத்த வாரம் ஊர் மைதானத்தில் பயிற்சி. பின்டன் பின்னிய வலையைக் கட்டியிருந்தார்கள். கார்மக்கைத் தாண்டிய பந்து வலையில் நிற்காமல் நேரே பக்கத்து வயல்காரர் ஹான்ராட்டியின் வாய்க்காலில் போய் விழுந்தது.

"எழவு, இந்த வலைய யாருமே பாக்க மாட்டீங்களா?" என்று கத்தினான் கார்மக்.

டிம்ப்னா வேலியைத் தாண்டிப் போய்ப் பந்தை எடுத்து வந்தாள். வலையின் இடது கீழ் மூலையில் அந்த ஓர் ஓட்டை அப்படியே இருந்தது.