பால் காய்ச்சாத வீடு

வேனை எந்தப் பக்கம் திருப்புவது என்று டிரைவர் கேட்டார். பெங்களூரில் சாரம் சரிந்து விழுந்து செத்த நாகபூஷணம் உள்ளே வெள்ளைத் துணியில் கிடந்தான். அவன் மனைவி செங்கம்மா வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி காலையிலேயே ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள், பிணத்தை அங்கே இறக்கக் கூடாதென்று. மிச்சம் இரண்டு இடம்தான். ஊருக்குள் அவன் அண்ணன் முனிகிருஷ்ணனின் வீடு. பாலசமுத்திரம் ரோட்டோரம், நாகபூஷணம் கட்டிக்கொண்டிருந்த வீடு.

"எங்க வூட்டுக்கே வுடுப்பா," என்றார் முனிகிருஷ்ணன். "அது இன்னும் பால் காய்ச்சாத வூடு. பொணம் மொதல்ல பூந்துட்டா அப்புறம் யாரு குடி போறது? வயசுப் பொண்ண வெச்சிக்கினு கீற, செங்கம்மா."

தப்பில்லாத பேச்சுதான். ஆனாலும் செங்கம்மா வேனை விட்டு நகரவில்லை.

பெங்களூருக்கு வெளியே ஏதோ பணக்காரத் தோட்டத்தில் மண் மூட்டைகளை அடுக்கி வீடு கட்டினார்களாம். அங்கே வேலை செய்துவிட்டு, போன பொங்கலுக்கு ஊர் வந்த நாகபூஷணத்துக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல் வேண்டாம், உரச்சாக்கும் காலடி மண்ணும் போதும் என்றான். சாமான்களையும் கையாலேயே செய்தான். காலி பெயிண்ட் டப்பாவில் சிமெண்டை ஊற்றி நடுவில் தைலமரக் கழியை நட்டு, மண் இடிக்கத் திம்மிசு. அடியை அறுத்த பக்கெட், சாக்குக்குள் மண் கொட்டும் புனல். வரிசைக்கு வரிசை விரிக்கும் முள்கம்பியில் மூட்டை மாட்டாமல் நகர்த்த, எண்ணெய் டின்னைப் பிரித்துத் தட்டிய தகரம்.

ஊர் சிரித்தது. ஏரிக்கரை உடைந்தால் அடுக்குகிற மூட்டையை வைத்து வீடாம் என்று முதலில் சிரித்தவரே முனிகிருஷ்ணன்தான். செங்கம்மா ஒருத்தர் விடாமல் மல்லுக்கு நின்றாள். "மூட்டைன்னு சொல்லாத, வூடுன்னு சொல்லு!"

அவன் வேலைக்குப் போயிருந்த மாதங்களில் அவளும் மகள் ரூபாவும்தான் இடித்தார்கள். "சத்தம் மாறுற வரைக்கும் இடி. பொத்துபொத்துன்னா உள்ள இன்னும் காத்து கீதுன்னு அர்த்தம். நங்குன்னு கேட்டா போதும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். சுவர் மாரளவுக்கு எழும்பியிருந்தது.

"மாமா," என்றாள் செங்கம்மா. "அது வூடா?"

முனிகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"கூர கீதா? கதவு கீதா? வெறும் மண்ணு மூட்டைன்னு நீங்கதான சொன்னீங்க. மூட்டைங்க நடுவுல வெச்சா யாருக்கு இன்னா தோஷம்?"

மூட்டை என்று தன் வாயாலேயே சொல்லும்போது நெஞ்சு அறுத்தது. வேனுக்குள் கிடந்தவனின் காதுக்கு எட்டுகிற தூரத்தில்தான் அவள் நின்றிருந்தாள்.

முனிகிருஷ்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு டிரைவரிடம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாக அவனை உள்ளே தூக்கிப் போனார்கள். தூக்கியவர்களில் ஒருவர், நிலைப்படி இல்லாத அந்த இடத்திலும் பழக்கத்தில் தலையைக் குனிந்தார்.

சாயங்காலம் அதே நிலத்தின் மேட்டு மூலையில் குழி வெட்டினார்கள். அங்கே பெண்கள் போகிற வழக்கமில்லை. செங்கம்மாவும் ரூபாவும் கூரையில்லாத சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முனிகிருஷ்ணன் மண் கையோடு வந்து நின்றார்.

"நாயி நரி தோண்டாம இறுக்கணும். அந்தத் திம்மிசு…"

செங்கம்மா சுவரில் சாய்த்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

மேட்டிலிருந்து சத்தம் வந்தது. பொத்து. பொத்து. ரூபா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். செங்கம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரூபா, மேட்டுல கீற ஒன் பெரிநைனாவ கூப்புடு."

"இன்னாத்துக்குமா?"

"போதும்னு சொல்லு. சத்தம் மாறிடுச்சி."