மதாம் தவ்லத் புலம்பலை விட்ட கதை

அலெக்சாந்திரியாவில், முஹர்ரம் பே வட்டாரத்தில், எங்கள் கட்டடத்துக்குக் குடிவருகிற எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும்: நாலாம் மாடி மதாம் தவ்லத்தைப் பார்த்து ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவாள். கணுக்காலுக்கு மேலே எலும்பைக் குடைகிறது, எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை, சிறுநீரில் மறுபடியும் கல் போனது, அடுப்பை அணைத்தேனா என்பது மறந்துபோகிறது, எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறது. கேட்டவர் மாடிப்படியில் ஒரு காலை மேல்படியிலும் ஒரு காலைக் கீழ்ப்படியிலுமாக வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் நஷ்வா குவைத்தில் குடித்தனம் போட்ட பிறகு வந்த வியாதி. ஆகவே கட்டடமே கூடி அதற்குத் தனிமை என்று பெயர் வைத்தது. எதிர்வீட்டு உம்மு ஹிஷாம் நோய்க்கு வைக்காமல் ஆளுக்கே வைத்தாள்: நாலாம் மாடி வானொலி. டாக்டர்கள் தங்கள் பங்குக்கு வயசு என்றார்கள், வாயு என்றார்கள், மனசு என்றார்கள்.

கடைசியில் ஒரு சின்னப் பெண் டாக்டர்தான் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னாள். ஏகத்துக்கும் ஏறிக்கிடந்தது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி போல நாலு சுரப்பிகள் உண்டாம், பாராதைராய்டு என்று பெயராம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து கொஞ்சம் வாங்கிக் கொடுப்பது அவற்றின் வேலை. போதும் என்றதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். தவ்லத்தின் நாலில் ஒன்று மொச்சைக்கொட்டை அளவுக்கு வீங்கி, நிறுத்தத் தெரியாமல் வருஷக்கணக்காக எலும்பைச் சுரண்டி ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கல்லும் அதனால், தாகமும் அதனால்.

“அழுகையும் பாதி அதனாலதான்மா. அந்த ஒண்ணை எடுத்துட்டா சரியாப் போயிடும்” என்றாள் டாக்டர்.

தவ்லத் அங்கேயே அழுதாள். இத்தனை வருஷமும் அவள் பொய் சொல்லவில்லை என்று இப்போது ஒரு டாக்டரே சொல்லிவிட்டாள் அல்லவா? வீட்டுக்குப் போகும் முன்பே எதிர்வீட்டு மணியை அடித்து முழுக் கதையையும் சொன்னாள். உம்மு ஹிஷாம் பொறுமையாகக் கேட்டு, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, “அப்ப இனிமே வானொலி ஓயும்னு சொல்லு” என்றாள். தவ்லத்தும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியவள், ஆபரேஷனுக்குப் பிறகு தன் வாயிலிருந்து ஒரு ‘ஆ’ கூட வெளியே வராது என்று சத்தியம் செய்துகொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தாள். அக்கம்பக்கம் கொய்யாச் சாறு டப்பாக்களோடு பார்க்க வந்தது. எப்படி இருக்கீங்க என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப நல்லா இருக்கேன் என்றாள். அதற்குமேல் பேச யாருக்கும் எதுவும் இல்லை. தேநீர் ஆறுவதற்குள் எழுந்துவிட்டார்கள். நஷ்வாவும் குவைத்திலிருந்து பேசினாள். அப்பாடா, இனி எனக்கும் நிம்மதி என்று சொல்லி, வழக்கத்துக்கு முன்பே போனை வைத்துவிட்டாள். எலும்பு நிஜமாகவே வலிக்கவில்லை. தவ்லத் கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் காலை உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறாற்போல் இருந்தது. பிறகு விரல் நுனியில். டாக்டர் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். வருஷக்கணக்காகத் தூங்கிக் கிடந்த மற்ற மூன்று சுரப்பிகளும் உடனே விழித்துக்கொள்ளாது. பட்டினி கிடந்த எலும்போ கிடைக்கிற கால்சியத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மாத்திரையை விடாதீங்க, உதடோ விரலோ மரத்துப்போனா அப்பவே கிளம்பி வாங்க, தாமதிச்சா கைகால் இழுத்துக்கும், உயிருக்கே ஆபத்து என்று.

தவ்லத் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். கிளம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகத் துணை வேண்டும், துணைக்கு ஆளைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்து கட்டடம் கண்ணயர்ந்த நேரத்தில் கை இழுத்துக்கொண்டது. விரல்கள் நேராக நீண்டு ஒன்றோடொன்று ஒட்டின, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது, மணிக்கட்டு வளைந்தது. இரண்டு கையும் பறவையின் அலகு மாதிரி ஆகிவிட்டன. மாத்திரை டப்பாவைத் திறக்க முடியவில்லை. போன் திரையைத் தேய்த்தால் அது திறக்கவில்லை. தாழ்ப்பாளைப் புறங்கையால் தள்ளிவிட்டு வெளியே வந்து, எதிர்வீட்டு மணியை முழங்கையால் அழுத்தினாள்.

செருப்பு வரும் சத்தம் கேட்டது. கதவில் இருந்த கண்ணாடித் துளை இருண்டது. பிறகு அது வெளிச்சமாகி, செருப்பு மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பிப் போனது.

கட்டடத்தில் எல்லோரும் செய்வதுதான். தவ்லத்தே எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பதுதான் புதிது. கன்னம் துடித்தது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். படுத்தால், நன்றாக இருக்கிறாள் என்றே நாளைவரை கட்டடம் நம்பும்.

“உம்மு ஹிஷாம், நீ உள்ளதான் இருக்கே, தெரியும். கை ரெண்டும் இழுத்துக்கிச்சு. எனக்கு முடியல.”

முழங்கையால் மறுபடியும் மணியை அழுத்தினாள்.

“கேக்குதாடி? முடியலன்னு சொல்றேன்.”

கதவு திறந்தது. பாத்ரூமில் இருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தபடியே வந்த உம்மு ஹிஷாம், அந்தக் கைகளைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டாள். மாத்திரையைத் தானே எடுத்துத் தவ்லத்தின் வாயில் போட்டு, தலையில் துணியைக் கோணலாகச் சுற்றிக்கொண்டு, டாக்ஸிக்காரனைத் திட்டிக்கொண்டே கூட்டிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் கால்சியத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். கட்டைவிரல் முதலில் விட்டது. பிறகு மற்றவை. உம்மு ஹிஷாம் தாழ்வாரத்தில் நின்று ஒவ்வொரு மாடிக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்த உடனே தான் பாய்ந்து வந்து கதவைத் திறந்ததாக அவள் சொல்வது வார்டுக்குள் தெளிவாகக் கேட்டது.

நர்ஸ் வந்து கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “வேற ஏதாவது செய்யுதா, ஹாஜ்ஜா?”

அல்ஹம்துலில்லாஹ் என்று தொடங்கிய தவ்லத் பாதியிலேயே நிறுத்தினாள்.

“செய்யுது. உட்காரு, சொல்றேன்.”

பக்கத்துக் கட்டிலில் ஊசியை எடுத்துவிட்டு இதோ வருகிறேன் என்று நர்ஸ் போனாள். தவ்லத் சுவர்ப் பக்கமாக நகர்ந்து, ஒரு ஆள் உட்கார இடம் விட்டுப் படுத்துக்கொண்டாள்.