யுரானி போக வேண்டிய வாசல்

ஒன்பதாம் இரவை மாலை நான்கு மணிக்கே வைத்துக்கொள்ளும்படி ஜனாதிபதி மாளிகையிலிருந்து ஆள் வந்து சொன்னபோது ஃபிதெலினா தலையை மட்டும் ஆட்டினாள். இருட்டினால் ஜனாதிபதியின் ஹெலிகாப்டர் திரும்பிக் கிளம்ப முடியாதாம். இந்தத் துறைமுக ஊரான புவெனவெந்துராவில் இறந்தவருக்காக ஒன்பது இரவு பாடி ஜெபிப்பார்கள். கடைசி இரவு விடியும் வேளையில் உயிரை வழியனுப்புவார்கள். அது எந்தப் பெரிய மனிதருக்காகவும் இதுவரை மாறியதில்லை. இவருக்காக மாறியது. இரவையே பகலுக்கு இழுத்துவைக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு வெடிகுண்டைத் தடுக்கத் தெரியாமல் போயிற்று.

படகுத்துறைச் சந்தையில் குண்டு வெடித்து ஃபிதெலினாவின் ஒரே மகள் யுரானி செத்துப்போனாள். பத்தொன்பது வயது. அன்றிலிருந்து தொலைக்காட்சியில் ஒரே ஏச்சுதான். முந்தைய ஆட்சி உளவுத்துறையைக் குட்டிச்சுவராக்கிவிட்டுப் போனது என்றார் ஜனாதிபதி. எச்சரிக்கை இவர் மேசைக்கே வந்தது, படிக்க நேரமில்லாமல் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார் என்றார் முன்னாள் ஜனாதிபதி. அமைச்சர் காவல்துறையைக் கைகாட்டினார், காவல்துறை கடற்படையைக் கைகாட்டியது. செத்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட எவரும் சொல்லவில்லை.

ஜனாதிபதியை வீட்டுக்கு அழைத்தது ஃபிதெலினாவின் தம்பி அர்னுல்ஃபோ. அந்தப் பேட்டையில் ஆளுங்கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டுவது முதல் கூட்டம் சேர்ப்பது வரை எல்லாம் அவன்தான். அவர் வந்தால் நேருக்கு நேராகக் கேட்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சம்மதித்தாள்.

ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கடைசி மெழுகுவர்த்தியை அணைக்கும்போது வீட்டிலுள்ளவர்கள் ஜெபத்துக்கு அமைத்த பீடத்திலிருந்து வாசல்வரை இரண்டு வரிசையாக விலகி நிற்க வேண்டும். கதவு அகலத் திறந்திருக்க வேண்டும். நிலைப்படியில் யாரும் நிற்கக்கூடாது. நின்றால் உயிர் வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே தவித்துக்கொண்டிருக்கும். குண்டில் சிதைந்த பிள்ளை, இதிலாவது நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்று ஃபிதெலினா எட்டு இரவும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

பாதுகாப்புக்காரர்கள் முதலில் வந்தார்கள். பீடத்து வெள்ளைத் துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். யுரானியின் தாகத்துக்கு வைத்திருந்த தண்ணீரை மோந்து பார்த்தார்கள். பாட்டுக்காரிகளின் தொண்டைக்கு வைத்திருந்த கரும்புச் சாராயத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ஜனாதிபதி உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து இருவர் நின்றுகொண்டார்கள்.

"தம்பி, அந்த வாசல் உனக்கில்ல. தள்ளி நில்லு" என்றாள் பாட்டை முன்னின்று பாடும் தொமாசா. காவலர் இருவரும் நகரவில்லை.

ஜனாதிபதி ஃபிதெலினாவைக் கட்டிக்கொண்டார். புகைப்படக்காரன் அதை வாகாக எடுத்துக்கொண்டான். பிறகு அவள் பேசினாள். எட்டு நாளாக மனதில் உருப்போட்டு வைத்திருந்த பேச்சு.

"ஐயா, அன்னிக்கு அவ சந்தைக்குப் போகமாட்டேன்னுதான் சொன்னா. தேங்கா தீந்துபோச்சு, ஓடிப்போய் வாங்கிட்டு வான்னு நான்தான் வெரட்டினேன். அது என் தப்பு. யாரு கேட்டாலும் சொல்லுவேன். உங்களுக்கு முன்னாடியே தகவல் வந்துச்சாமே. உங்க பங்கை நீங்க சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் கண் கலங்கியது நிஜம். வாயைத் திறந்தார். பின்னாலிருந்த உதவியாளர் லேசாகச் செருமினார்.

"முந்தி இருந்தவங்க எப்படிப்பட்ட நிலைமையில எங்ககிட்ட குடுத்துட்டுப் போனாங்கன்னு நீங்க கொஞ்சம் புரிஞ்சுக்கணும்மா" என்று ஆரம்பித்தார். தொலைக்காட்சியில் சொன்னதையே வரி பிசகாமல் சொன்னார். ஃபிதெலினா அவர் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

தொமாசா பாட்டைத் தொடங்கினாள். மற்றப் பெண்கள் பின்பாட்டுப் பாட, மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மிஞ்சியது. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

"ஐயா, அவங்களை நகரச் சொல்லுங்க" என்றாள் ஃபிதெலினா. "கதவைத் திறக்கணும். எம்பொண்ணு போகணும்."

அவர் காவல் தலைவனைப் பார்த்தார். அவன் தலையசைத்து மறுத்தான்.

"அது என் கையில இல்லம்மா. பாதுகாப்பு விஷயம். அவங்க சொல்றபடிதான் நானே கேக்கணும்."

"நாட்டுக்கும் இதே கதைதான் போல" என்றார் மூலையில் நின்ற ஒரு கிழவர்.

உதவியாளர் கைக்கடிகாரத்தைக் காட்ட, ஜனாதிபதி கிளம்பினார். அப்போது மட்டும் கதவு திறந்தது. ஒன்பதாம் இரவில் கதவு திறந்தால் விலகி நின்றே பழகிய சனம், தன்னையறியாமல் இரண்டு வரிசையாகப் பிரிந்தது. யுரானிக்காக விட்ட அந்த வழியில் அவர் கைகூப்பியபடி நடந்து வெளியே போனார். தன் மகளுக்கு என்று மிச்சமிருந்த ஒரே ஒரு வழியையும் எடுத்துக்கொண்டார்களே என்று ஃபிதெலினா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வண்டிவரை ஓடிப்போய்த் திரும்பிய அர்னுல்ஃபோ அக்காவின் பக்கத்தில் குந்தினான்.

"அவரைச் சொல்லிக் குத்தமில்லக்கா. கூட இருக்கற அதிகாரிங்கதான்..."

"நீயும் ஆரம்பிச்சிட்டியாடா" என்றாள்.

பகலில் வைத்ததே பிசகு, விடியும்வரை இருந்து முறையாகச் செய்வோம் என்றாள் தொமாசா. தொண்டை கட்டிப்போயிருந்தது அவளுக்கு. இருந்தும் அணைந்த திரிகளைத் திரும்ப ஏற்றினாள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வழியனுப்பும்போது மட்டும் பேசிவிடாதே, தாய் குரல் கேட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கும் என்று தொமாசா ஃபிதெலினாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள்.

கடல் பக்கம் வெளுத்தபோது கதவு அகலத் திறந்து கிடந்தது. நிலைப்படியில் யாருமில்லை. சனம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. தொமாசா கடைசி மெழுகுவர்த்தியிடம் குனிந்தாள். ஃபிதெலினா அவளை விலக்கிவிட்டுத் தானே அதை ஊதி அணைத்தாள். சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று.

"போ மகளே" என்றாள். "இந்தத் தடவையும் நான்தான் அனுப்புறேன்."