பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு

இரண்டு வகை ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பகடை உருண்டு நின்ற பிறகு பேரம் பேசுகிறவர்கள் ஒரு வகை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் நாங்கள் ஆடும் மண்டபத்தின் வாசலில் வந்து நிற்கிறவர்கள் இன்னொரு வகை. அன்றைக்கு இரண்டு வகையும் ஒரே ஆளாக, கையில் குடையோடு வந்து நின்றது.

அல்போன்ஸ் அங்கிள். எங்கள் எஸ்டேட் மாதா கோயில் மண்டபக் கமிட்டியின் செயலாளர். முப்பத்தைந்து வருடம் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் பாதி ஊர் அவரைக் கிராணி என்றுதான் கூப்பிடுகிறது. சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நீளமான நோட்டு.

"ஷாரன், ஒம்மேல புகார் வந்துருக்கு" என்றார், குடையை உதறிக்கொண்டே. "கோயில் மண்டபத்துல சூதாடுறீங்களாம். பேயை வேற கூப்புடுறீங்களாம். ஆறு மணிக்குக் கமிட்டி கூடுது. நான் பாத்து எழுதிக் குடுக்கணும். சரியில்லன்னா மண்டபச் சாவியைத் திருப்பிக் குடுத்துறணும், தெரியும்லா?"

தெரியாமல் என்ன? என் வீட்டில் இரண்டு அறை. அதில் கணவர், மாமியார், இரண்டு வயது மகள், ஓயாத டிவி. வாரத்தில் ஆறு நாள் தானா ராத்தாவில் ஓர் ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று சிரிக்கிறேன். 'ஸ்ட்ராபெர்ரி ஏன் புளிக்குது' என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவரைப் பார்த்தும் சிரிக்கிறேன். யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியில்லாத நேரம் இந்த மூன்று மணி நேரம் மட்டும்தான். இந்த மண்டபம் போனால் எனக்கு வேறு இடமே இல்லை. வெளியே மட்டும் முறைத்தேன்.

"வாங்க அங்கிள், உக்காந்து பாருங்க" என்றேன்.

மேசையில் ஏற்கெனவே இரண்டு பேர். திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டும் ராய்ஸ்டன். கியா பார்ம் சந்தையில் சோளமும் ஸ்ட்ராபெர்ரியும் விற்கும் வேலம்மா அக்கா. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. கடை போடுவதற்கு முன்பு இருபது வருடம் இதே எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். நாங்கள் ஆடுவது ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதை வளர்க்கும் விளையாட்டு; அதில் அவர் ஒரு திருடி, பெயர் பூனை. ராய்ஸ்டன் கோடாரி வீரன். கதையை நடத்துகிறவள் நான்.

"இதுல காசு எங்க வைப்பீங்க?" என்று கேட்டார் அங்கிள், பகடையைப் பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்து.

"காசே கெடையாது அங்கிள். இவுங்க என்னா செய்யப்போறாங்கன்னு சொல்வாங்க. அது நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் இருந்தாத்தான் டைஸ். இல்லன்னா டைஸே இல்ல."

சந்தேகம் இருந்தால் அது எவ்வளவு கஷ்டம் என்று நான் ஓர் எண் சொல்வேன். மறைக்கல்வி வகுப்பு வெள்ளைப் பலகையில் அதை எழுதுவேன். அதன் பிறகுதான் யாரும் பகடையைத் தொடலாம். இருபது முகப் பகடையில் விழுந்ததோடு, அந்த ஆளின் திறமைக்கு உரிய எண்ணைக் கூட்ட வேண்டும். பலகையில் உள்ளதை எட்டினால் நடந்தது, எட்டாவிட்டால் நடக்கவில்லை. இதை அங்கிளுக்கு விளக்கும்போது நான் மிகவும் அடக்க ஒடுக்கமாக இருந்தேன்.

"எது எவ்வளவு கஷ்டம்னு நீயே முடிவு பண்றியா?"

"புஸ்தகத்துல இருக்கு அங்கிள். ஆனா இவுங்க ஒத்துக்கமாட்றாங்க."

அது உண்மை. ஆட்டம் தொடங்கிய முதல் வாரமே, சுமையோடு வழுக்கும் செங்குத்துச் சரிவில் ஏறுவதற்குப் பதினைந்து என்று புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். வேலம்மா அக்கா பகடையை எடுக்கவே இல்லை. "இத எழுதுனவன் மலையைப் பாத்துருக்கானா? மழையில, முதுகுல கூடையோட, வயித்துல புள்ளையோட நான் ஏறியிருக்கேன். இதுக்கெல்லாம் டைஸ் போட்டா மானம் போயிரும்லா" என்றார். அன்றிலிருந்து எங்கள் மேசையில் சரிவுக்கு எண்ணே கிடையாது. அதற்குப் பதிலாக, அரசாங்க கவுண்டரில் ஒரே நாளில் வேலை முடிவது இருபத்தைந்து. பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை கியா பார்மில் கார் நிறுத்த இடம் கிடைப்பது முப்பது. இருபது முகப் பகடையில் முப்பது எப்படி வரும் என்று கேட்காதீர்கள். வந்து நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

அங்கிள் சிரிக்கவில்லை, நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். அந்தப் பேனா அசைந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. இந்த மனிதரையும் ஆட வைத்துவிட்டால் எப்படி? ஆடியது சூது என்று எழுதினால் தானும் சூதாடியதாக அல்லவா எழுத வேண்டும்!

"சும்மா பாத்தா புரியாது அங்கிள். ஒரு ஆளா ஆடிப் பாருங்களேன். மந்திரவாதி?"

"கோயில் மண்டபத்துலயா? வாயைக் கழுவு."

"அப்ப என்னாவா இருக்கீங்க?"

அவர் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்லிய குரலில், "தொரையா இருக்கலாமா?" என்றார்.

ராய்ஸ்டன் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோல் சிரித்தான். முப்பத்தைந்து வருடம் எஸ்டேட்டை ஆண்ட துரைக்குக் கோப்பு தூக்கியவருக்கு அந்த ஆசை இருக்காதா? நான் உடனே துரைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதிகாரத்துக்குக் கூட்டல் நான்கு, கால் வலுவுக்குக் கூட்டல் ஒன்று.

முதல் காட்சியில் ஒரு கோட்டை வாசல். காவலன் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான். அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்து, "டேய், யாருன்னு தெரியாம நிக்குறியா? தொறடா!" என்றார். மண்டபமே அதிர்ந்தது. நான் பலகையில் எட்டு என்று எழுதினேன். பகடையில் ஆறு விழுந்தது. நான்கைக் கூட்டினால் பத்து. கதவு திறந்தது.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் காவலனுக்குப் பதினான்கு போட்டிருக்க வேண்டும். பொய் சொல்வானேன், மண்டபத்துக்காகத்தான் குறைத்தேன். வேலம்மா அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் வலிக்காததுபோல் கதையைத் தொடர்ந்தேன்.

அங்கிளுக்கு ருசி கண்டுவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நோட்டு தரையில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நான்கரை மணி வாக்கில் எங்கள் கூட்டம் ஒரு பள்ளத்தாக்கை அடைந்தது. கீழே வெள்ளம், மேலே பாதி பலகை உதிர்ந்த தொங்கு பாலம். வெள்ளைப் பலகையில் பன்னிரண்டு என்று பெரிதாக எழுதினேன். இந்த முறை நேர்மையான பன்னிரண்டு. ராய்ஸ்டனின் வீரன் கடந்தான். பூனை ஓடியே கடந்துவிட்டாள்.

துரையின் முறை. அங்கிள் பகடையை இரண்டு கையாலும் குலுக்கி உருட்டினார். பத்து விழுந்தது. கால் வலு ஒன்று. பதினொன்று.

"ஒண்ணுதானே கொறையுது" என்றார் அங்கிள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "பதினொண்ணும் பன்னெண்டும் ஒண்ணுதான் லா. கடந்துட்டேன்னு சொல்லு, ஷாரன்."

மண்டபத்துக்கு வெளியே மழை விட்டிருந்தது. மணி ஆறாவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சாவி என் பையில் இருந்தது. ஓர் எண்தானே? அழித்துவிட்டுப் பதினொன்று என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? என் கை பலகைத் துடைப்பானை எடுத்தேவிட்டது.

"ஷாரன், அழிக்காத" என்றார் வேலம்மா அக்கா.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை, அங்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிராணி, கொழுந்து நிறுக்குற கொட்டாயில நீங்க நோட்டோட உக்காந்துருப்பீங்க. தராசு முள்ளு பன்னெண்டுல நிக்கும். நான் என் கண்ணால பாப்பேன். நீங்க தண்ணிக்குன்னு கழிச்சிட்டு பதினொண்ணு எழுதுவீங்க. கேட்டா, 'ஒரு கிலோதானே வேலம்மா'ன்னு சொல்வீங்க."

"ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிறது வழக்கம்" என்றார் அங்கிள். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

"மழை நாள்ல கழிச்சீங்க, சரி. பிப்ரவரி மாசம் வெயில்ல மண்ணு வெடிச்சிக் கெடக்கும். அப்பவும் கழிச்சீங்களே, அது எந்தத் தண்ணி?"

"அது தொரை உத்தரவு. நான் என்னா செய்யமுடியும்?"

ராய்ஸ்டன் நல்ல பையன். லோரி ஓட்டும்போது கோழி குறுக்கே வந்தால்கூட நிறுத்துவான். ஆனால் எந்த இடத்தில் எதைச் சொல்லக் கூடாதோ அதை அங்கே சொல்வான்.

"இப்ப நீங்கதானே தொரை, அங்கிள்?" என்றான்.

நான் மனத்துக்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமியாரின் டிவி சத்தம்கூடக் காதில் கேட்டது. ராய்ஸ்டனைக் கொல்லலாமா, வேலம்மா அக்காவைக் கட்டிப்பிடிக்கலாமா என்று எனக்கே புரியவில்லை. ஆனால் துடைப்பானை மட்டும் கீழே வைத்துவிட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பன்னிரண்டை என்னால் அழித்திருக்க முடியாது.

அங்கிள் பலகையைப் பார்த்தார். பகடையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலேயே மறுபடி போட்டுக்கொண்டார்.

"பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்" என்றார் கடைசியில். "நான் விழுந்துட்டேன். சொல்லு, என்னா ஆச்சு எனக்கு?"

என் மேசையில் தோற்றவரை உடனே சாகடிக்கும் வழக்கம் இல்லை. "தொரை வெள்ளத்துல விழுந்து, தொங்குற கயித்தைப் புடிச்சிக்கிட்டாரு" என்றேன். "கழுத்து வரைக்கும் தண்ணி. யாராச்சும் இழுத்தாத்தான் மேல வரமுடியும். கிட்ட இருக்குறது பூனை."

எல்லோரும் வேலம்மா அக்காவைப் பார்த்தோம். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் நன்றாகக் காக்க வைத்தார். தன்னை இழுக்கச் சொல்லி அங்கிள் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இழுக்குறேன். நம்பர் சொல்லு" என்றார் அக்கா.

பதினைந்து என்று எழுதினேன்.

"இரு, இரு. ஆளு தண்ணில ஊறிப் போயிருக்காரு. ஈர எடை ரெண்டு கூட்டிக்க."

"என்னாக்கா, ஒங்க நம்பரை நீங்களே ஏத்திக்கிறீங்க?" என்றான் ராய்ஸ்டன்.

"எடைன்னா சரியா இருக்கணும்லா."

பதினேழு என்று மாற்றினேன். அக்கா பகடையை அங்கிளின் முன்னாலேயே உருட்டினார். பதினெட்டு. துரை சொட்டச் சொட்டக் கரையேறினார். அங்கிள் நிஜமாகவே தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார். நான் அப்போதும் சிரிக்கவில்லை, என் நிலைமை அப்படி.

ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்தது. அங்கிள் தரையில் கிடந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். முன்பு எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்தார். புதுப் பக்கத்தில், அந்த அழகான கிராணி எழுத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினார். நான் நாற்காலிகளை அடுக்கும் சாக்கில் அவர் தோளுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

'ஞாயிறு ஆட்டத்தைப் பார்வையிட்டேன். பணம் வைத்து ஆடவில்லை. பேயைக் கூப்பிடவில்லை. எண்ணை முதலிலேயே பலகையில் எழுதுகிறார்கள். பகடை விழுந்த பிறகு அதை யாரும் குறைப்பதில்லை. மண்டபத்தைத் தொடர்ந்து கொடுக்கலாம்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. பேனா மூடியைத் திறந்தபடி, கையெழுத்துப் போடாமல், நோட்டை வேலம்மா அக்காவின் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"நான் எழுதுனது சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு, வேலம்மா."

அக்கா கொஞ்ச நேரம் நோட்டைத் தொடவே இல்லை. "இருவது வருசத்துல ஒரு நாள்கூட இந்த மனுசன் நோட்டைக் காட்டுனதில்ல" என்றார் என்னிடம். பிறகு கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படிக்கத் தொடங்கினார். அல்போன்ஸ் அங்கிள் திறந்த பேனாவோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா கடைசி வரி வரைக்கும் வந்தார், அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார்.